ஏழாவது டப்பா

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இங்கே நான் என் காலால் நடந்து, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். தாங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதச் சொல்கிறேன். எழுதுவது என் மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எனக்கு அன்றைக்கும் எழுதத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

போன மாதம் மகள் தன் போனில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகளான இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருத்தன் தியேட்டரில் படம் ஓட்டுகிறான். ஒரே படம் இரண்டு தியேட்டரில் ஓடுவதால், இன்னொருத்தன் நடுவில் சைக்கிளில் படப்பெட்டி சுமக்கிறான். பிரிந்துபோய், தலை நரைத்த பிறகு ஒரு ரயில் நிலையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் சின்ன வயதில் மனதில் இருந்தது என்ன என்று இரண்டு பேருக்கும் விளங்குகிறது.

படத்தில் பெட்டி சுமக்கிறவனுக்கு எண் படிக்கத் தெரியாது. அவனுக்காக ஓட்டுகிறவன் ரீல் டப்பாவின் விளிம்பில் அரத்தால் ராவி விடுகிறான். முதல் டப்பாவுக்கு ஒரு வெட்டு, இரண்டாவதுக்கு இரண்டு. கட்டை விரலால் தடவினால் போதும், எந்த ரீல் என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்ததும் மகளிடம் நிறுத்து என்றேன். உலகத்தில் அந்த வெட்டு இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நான்.

படம் எடுத்தவர்களுக்கு மகள் எழுதிக் கேட்டாள். இந்த விலாசம் கொடுத்தார்கள். போனில் பேசினால் காது கேட்காது, கடிதம் போடுங்கள் என்றார்கள்.

தாங்கள் கார்பன்தானே?

இப்படிக்கு,
பெட்டி


பிப்ரவரி 24

டேய் பெட்டி,

உயிரோடுதான் இருக்கியா! இருக்கே என்று கேட்டதே எனக்குப் பாதி மருந்து. மீதிப் பாதிக்குத்தான் டாக்டர்.

'தாங்கள்' என்றா எழுதுவாய் எனக்கு? அஞ்சாம் வயசில் என் சட்டையில் மூக்கைத் துடைத்தவன் நீ. உன் மகளைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, வளர்ப்பு நல்ல வளர்ப்பு. மகளே, உன் அப்பன் எனக்கு எழுதும்போது மட்டும் அந்த மரியாதையைத் தூக்கிப் பரணில் போடு.

நான்தான் கார்பன். மெஷின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்து எரித்துக் கறுத்த விரல் இன்னும் வெளுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் காது போய்விட்டது. எங்கெங்கோ சுற்றிவிட்டு இந்த ஊரில் தையற்கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. ஒரு சினிமா சங்கத்தின் பழைய படச்சுருள்களைத் துடைத்து வைக்கிற வேலை. அங்கே வந்த ஒரு பெண்தான் என் வாயைக் கிளறி இந்தப் படத்தை எடுத்தது. உன்னைக் கெட்டவனாகக் காட்டாதே என்று சொல்லியே கதையைக் கொடுத்தேன். காட்டவில்லை, பார்த்தாய் அல்லவா? எல்லாப் பழியும் மேனேஜர் மச்சான் தலையில். டிக்கெட் கிழித்துக்கொண்டு இருந்தானே, அவன். உன் சட்டையிலிருந்து என் கடிதத்தைத் திருடினவன். அவன் எப்படி இருக்கான்? நல்லா இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், பலித்ததா?

ஆகஸ்ட்டில் இங்கே பெரிய திரையில் போடுகிறார்கள். அந்தப் பெண் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் குதிக்கிறாள். நீ வரவேண்டும். என்னோடு தங்கு.

உன் சம்சாரம் எப்படி இருக்கிறாள்?

காதில்லாத,
கார்பன்


மார்ச் 9

அன்புள்ள கார்பனுக்கு,

உன் கையெழுத்தை மகள் சுலபமாகப் படித்துவிட்டாள். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவளுக்கு நீ எம்மாத்திரம். உன் உடம்பு தேவலையா? பல் எத்தனை மிச்சம்? எனக்குப் பதினொன்று. முழங்கால்தான் பேச்சுக் கேட்பதில்லை.

என் சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆகிறது. நல்ல மனுஷி. மாப்பிள்ளை தூரதேசத்தில் வேலையாக இருக்கிறார், அதனால் மகள் என்னோடு இருக்கிறாள்.

மேனேஜர் மச்சானும் போய்விட்டார். அவர் மகன் பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அந்தப் படத்தில் மச்சானை ரொம்ப மோசமாகக் காட்டியிருக்கிறார்களே. சட்டைப்பையில் கை விடுகிற இடத்தில் அந்த நடிகன் முழிக்கிற முழி எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அந்த இடத்தை எடுத்துவிட முடியாதா?

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே தண்ணீர் சரியாக வருகிறதா?

உன்,
பெட்டி


மார்ச் 20

பெட்டி,

உன் சம்சாரத்துக்காக வருத்தப்படுகிறேன். நல்ல மனுஷி என்று நீ சொன்னால் நல்ல மனுஷிதான்.

இங்கே தண்ணீர் வருகிறது. நான் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை. ஆகஸ்ட்டில் வருகிறாயா இல்லையா? அந்தத் திருட்டுப்பயலுக்கு ஏண்டா இப்படிப் பரிந்து பேசுகிறாய்? செத்தவன் எல்லாம் நல்லவனா?

ஒன்று சொல்ல வேண்டும். மகள் படிக்கிறாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், படத்தையே அவள்தானே உனக்குக் காட்டினாள். படிக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கடிதம் எழுதினாய் என்று அந்த டைரக்டர் பெண் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு எந்தத் தாள் வந்தாலும் நேரே என்னிடம்தான் கொண்டு வருவாய். கரண்ட் ஆபீஸ் சீட்டு, உன் அக்கா போட்ட கடிதம், கீழே கிடந்த நோட்டீஸ், எதுவானாலும் சரி. வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தாளில் இருந்தால் வேற யாரோ எழுதினது மாதிரிப் படித்துவிடலாம் என்று நினைத்தேன். அதனால் ஏழாவது டப்பாவைக் கட்டுகிற வாருக்கு அடியில் சொருகி வைத்தேன். நீ எடுத்துக்கொண்டு வருவாய், நான் படிப்பேன், நீ என் முகத்தைப் பார்ப்பாய். அவ்வளவுதான் என் திட்டம்.

நீ கொண்டுவருவதற்குள் அவன் திருடிவிட்டான். அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. வந்தால் அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

கார்பன்


ஏப்ரல் 28

அன்புள்ள கார்பனுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. மகளுக்குக் கடையில் வேலை அதிகம். எனக்கும் கண்ணில் ஏதோ பூ விழுந்திருக்கிறது என்றார்கள்.

ஆகஸ்ட்டில் என்னால் வரமுடியாது. அந்தக் கடிதத்தைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

பெட்டி


மே 6

பெட்டி,

சரி.

உனக்கு மகள் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், நாலு பேர் மத்தியில் இருக்கிறாய். எனக்குப் பின்னால் யாருமில்லை, அதனால் வாய் நீளம். என் புத்தி அப்படி. நீ அன்றைக்கே 'காணோம்' என்று சொன்னபோது உன் முகத்தில் இருந்த கலக்கத்தை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். தப்பு உன்னுடையது இல்லை.

உனக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். திருப்பி எடுத்துக்கோ என்றால் கடைக்காரன் முடியாது என்கிறான். துணி மடித்து வைக்க ஆகும்.

இனிமேல் தொந்தரவு கொடுக்க மாட்டேன். கண்ணைக் காட்டு. அதற்கு இப்போது பத்து நிமிஷ வேலைதான்.

கார்பன்


மே 17

கார்பன்,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுது, நடுவில் கேள்வி கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாரமாக யோசித்தேன். இதை வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமா என்று பார்த்தேன். கடைவீதியில் மனு எழுதுகிற ஆள் இருக்கிறான். அவன் முன்னால் போய் நின்றும் பார்த்தேன். உன் கடிதத்தை ஒருதரம் கண்டவன் கையில் கொடுத்தது போதும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

கடிதத்தை யாரும் திருடவில்லை. நான்தான் கொடுத்தேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. உன் தியேட்டரில் ஏழாவது ரீல் ஓடி முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத் தியேட்டரில் நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. அங்கே டப்பாவை இறக்கி வாரை அவிழ்த்தேன். நாலாக மடித்த தாள், ஓரத்தில் உன் கட்டை விரல் கரி. எழுத்துத் தெரியாவிட்டாலும் கரி தெரியாதா? என்ன எழுதியிருப்பாய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் உன்னிடம் கொண்டுவரவில்லை. நீ படித்தால் நான் பதில் சொல்லியாக வேண்டுமே. இரண்டு நாள் பனியனுக்குள் வைத்திருந்தேன். என் வியர்வையில் நனைந்து நனைந்து காய்ந்தது அந்தத் தாள்.

சனிக்கிழமை மதியம் மேனேஜர் டிக்கெட் அறைக்குக் கூப்பிட்டார். நாலு பேர் இருந்தார்கள். "உங்க ரெண்டு பேரைப் பத்தி வெளியே ஒரு மாதிரி பேசுறானுங்களே, என்னடா சங்கதி? ரெண்டு பேரும் வெளியே போறீங்களா, ஒருத்தன் போறீங்களா?" என்று கேட்டார். யாரும் என்னை அடிக்கவில்லை. என் பையில் கை விடவில்லை. நானே பட்டனைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவன்தான் இதை வெச்சான். எனக்குப் படிக்கக்கூடத் தெரியாது" என்றேன்.

அவர் படித்தார். சினிமாவில் பொம்பளை பேசுகிற மாதிரி குரலை இழுத்து இழுத்துப் படித்தார். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான், காதில் ஒருதரம் விழுந்தது தலையை விட்டுப் போகாது. உனக்குப் பாதிதான் ஞாபகம் என்று எழுதியிருந்தாய். முழுசும் இது:

"பெட்டி, இதை நீ எங்கிட்டத்தான் கொண்டு வருவே. நான் வேற யாரோ எழுதின மாதிரிப் படிப்பேன். நீ ஒரு ரீலைத் தூக்கிக்கிட்டுப் போனா திரும்பி வர இருபது நிமிஷம். கார்பனைத் தள்ளிவிடுறதைத் தவிர எனக்கு அப்ப வேலை இல்லை. ஜன்னல்ல நிக்கிறேன். நீ பாலத்து முனையில திரும்புற வரைக்கும் எனக்கு மூச்சு சரியா வர்றதில்லை. இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்னா இன்னைக்கு மட்டும் சைக்கிளை உடனே திருப்பாதே. ரீல் லேட்டானா கத்துறவங்க கத்தட்டும். கொஞ்ச நேரம் நில்லு."

மூன்று பேர் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொடுத்ததைக்கூடப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். சிரி என்று என்னை யாரும் சொல்லவில்லை.

சிரிக்காதவர் ஒருத்தர்தான். டிக்கெட் கிழிக்கிற மச்சான். "போதும் மாமா, மடிச்சு வைங்க. அடுத்தவன் லெட்டர்" என்றார். உன்னை வேலையை விட்டு நிறுத்தி உன் டிரங்குப் பெட்டியைப் படியில் உருட்டி விட்டபோது ஓடிவந்து பூட்டைப் பொறுக்கிக் கொடுத்ததும் அவர்தான். நீ என்னைப் பார்த்து, "லெட்டர் எங்கடா?" என்று கேட்டாய். "சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டியிருந்தேன், காணோம், அந்த மச்சான்தான் பக்கத்துல நின்னான்" என்றேன். பூட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆளைக் கை காட்டினேன். நீ நம்பினாய். இப்போது ஊரெல்லாம் அதைப் படமாகப் பார்த்து அவரைத் திட்டுகிறது.

திங்கட்கிழமை மேனேஜர் என்னை உன் கேபினில் ஏற்றிவிட்டார். வேறு யாருக்கும் மெஷின் தெரியாது, பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருத்தன்தான். முப்பத்தொரு வருஷம் உன் ஸ்டூலில் உட்கார்ந்து உன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலத்து முனை தெரிந்துகொண்டே இருக்கும். அந்த வேலையைக் காட்டித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறாள். கேள்வி கேட்காதே என்றிருந்தேன், கேட்டுவிட்டாள். தெரியாதும்மா. ஒருநாள் "நீங்க யார்கிட்ட இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். இங்கேதானே இருக்கேன் என்றேன். அப்புறம் கேட்கவில்லை. அவளுக்கும் நான் செய்தது நல்லதில்லை. அதையும் எழுது.

நீ எடுத்துக்கொண்டது வேறு மாதிரி இல்லை, கார்பன். நீ நினைத்தது சரிதான். எனக்கும் அந்தப் பேர் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

வரமுடியாது என்று எழுதியதற்கு முழங்கால் காரணமில்லை.

பெட்டி


ஜூன் 25

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் உடல் நலமாக இருக்க வேண்டும். இது அப்பாவுக்குத் தெரியாமல் நான் எழுதுவது.

அந்தக் கடிதத்தை எழுதி முடித்த பிறகு நாலு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. அம்மாவுக்காக. உங்களுக்காகவும் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. ஐந்தாம் நாள் அவரே தயங்கித் தயங்கி, "நான் சொன்னதை மாத்தாமத்தானே எழுதினே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லதா எதையும் சேர்த்துடலையே?" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருகிறார். ஒன்றும் இல்லை என்றால், "சரிதான், நியாயம்தான்" என்று உள்ளே போகிறார். உங்களைச் சமாதானப்படுத்த நான் யார்? திட்டியாவது ஒரு வரி போடுங்கள். நான் அப்படியே படித்துக் காட்டுகிறேன், ஒன்றையும் விடமாட்டேன்.

மரியாதையுடன்,
உங்கள் மகள்


ஜூலை 12

பெட்டி,

உயிரோடு இருக்கிறேன். அது போதும் உனக்கு.

ஐம்பத்தொரு வருஷம் ஒரு ஆளைச் சபித்திருக்கிறேன். ஆணி அடித்த மாதிரி சபித்தேன். அவன் என் பூட்டைப் பொறுக்கிக் கொடுத்தவன். எனக்கு அது ஞாபகமே இல்லை, நீ எழுதின பிறகு வருகிறது. என்னையும் பாவியாக்கிவிட்டாயே!

நீ கொடுத்ததை நான் விழுங்கிவிடுவேன். எனக்கும் பயம்தான், இல்லாவிட்டால் வாயாலேயே சொல்லியிருப்பேனே. சிரித்தாய் என்றாயே, அது இறங்கவில்லை. தொண்டையிலேயே நிற்கிறது. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஏண்டா சொன்னாய்?

ஐம்பது நாளாக அந்தக் கடிதத்தை எடுக்கிறேன், வைக்கிறேன். நடுவில் என் கடிதம் இருக்கிற இடத்தை மட்டும் மடித்துவைத்துப் படிக்கிறேன். எழுதினவனுக்கே பாதி போய்விட்டது. நீ முழுசாக வைத்திருக்கிறாய், அதுவும் அந்த ஆள் இழுத்து இழுத்துப் படித்ததைக் கேட்டு. இதற்கு உன்னைக் கட்டிக்கொள்வதா கழுத்தை நெரிப்பதா என்று தெரியவில்லை.

டைரக்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். படத்தை இனி மாற்ற முடியாதாம். திரையிடுவதற்கு முன்னால் மேடையில் ஏறி உண்மையைச் சொல்லலாம் என்றாள். சொல்ல வேண்டியவன் நீ. அதற்கு முன்னால் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய்ச் சொல். அதைச் செய்யாமல் இங்கே வராதே.

மன்னிப்புக் கேட்காதே. இப்போது என்னிடம் இல்லை. நாலு நாள் வந்து இரு. வைவேன். வைய வேண்டியது நிறைய இருக்கிறது. கேட்டுக்கொண்டு இருக்க முடியுமானால் வா. நாலு நாளைக்கு அப்புறம் என்ன என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியாது.

மகளே, ஒன்றையும் விடாமல் படித்தாயா?

கார்பன்


ஜூலை 23

அன்புள்ள கார்பனுக்கு,

விடாமல் படித்தாள். "கழுத்தை நெரிப்பதா" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் தரம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

கண்ணாடிக் கடைக்கு நேற்றுப் போனேன். மகளை வெளியே நிற்கச் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா அந்தத் தியேட்டரைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசினதில்லை. இப்பத்தான் தெரியுது" என்றார். அப்புறம், "நீங்க போங்க" என்றார். வாசல் இறங்கும்போது, "மேடையில அப்பா பேரை முழுசாச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து கேட்டது. சொல்வேன் என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை பஸ். மகள் கூட வந்து உன் வாசலில் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்புகிறாள். நான் எதையும் கேட்க மாட்டேன். நீ வைவதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும் என்றேன், மகள் நடுவிலேயே எழுந்து எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு நாளைக்கு நாலு சட்டை போதும் என்றாள். அந்தக் கம்பளிச் சட்டையையும் வை என்றேன். "குளிர் வர இன்னும் நாலு மாசம் இருக்கேப்பா" என்றாள். நான் அதை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அதை உதறி, மடித்து, அடியில் வைத்தாள்.

பெட்டி